தென் கரோலினாவாக நின்றவள்

துருசில்லா ஹேப்குட் தைத்த தொப்பியில் தையல் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியும் அந்தக் கோடை முழுக்க அவள் கடைக்கு ஒருத்தியும் வரவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்; ஓஹையோவிலிருந்து பையன்கள் போருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆளுநர் தேர்தல் வேறு. போரை நிறுத்தச் சொன்ன வேட்பாளரின் சின்னத்தை அவள் அப்பா எஸ்ரா கோட்டில் குத்திக்கொண்டு திரிந்தார். ஊரோ, பிரிந்துபோன தென் மாநிலங்களை விடக் கூடாது என்று போரை ஆதரித்த யூனியன் கட்சி ஊர். துரோகி மகள் தைத்த தொப்பியை யார் தலையில் வைப்பார்கள்?

யூனியன் கட்சி ஊர்வலத்தில் ஒரு பெரிய வண்டி போகும். அதில் மாநிலத்துக்கு ஒரு பெண், வெள்ளை உடையில், மார்பில் மாநிலத்தின் பெயர் எழுதிய பட்டையோடு நிற்பாள். அந்த வண்டியில் ஏறிவிட்டால் கெட்ட பெயர் போய்விடும் என்று துருசில்லா நம்பினாள். ஏற்பாடுகளைக் கவனித்த திருமதி புரூடனிடம் போய்க் கேட்டாள்.

"ஓஹையோ எம் பொண்ணு. மிச்சம் இருக்கறது தென் கரோலினாதான்."

"முதல்ல பிரிஞ்சு போனதே அதுதானேம்மா?"

"யாரும் பிரியவே இல்லைங்கறதுதான் நம்ம கொள்கை. அதனால ஒருத்தி நின்னாகணும். யாரும் பொண்ணை அனுப்பமாட்டேங்கறாங்க."

வீட்டில் எஸ்ரா சிரித்தார். "கட்சி மாறினாலும் எம் பொண்ணு நல்ல மாநிலமாப் பாத்துத்தான் ஏறியிருக்கா."

ஊர்வலத்தில் முதல் முட்டை எதிர்க்கட்சியிடமிருந்து வரவில்லை. யூனியன் கட்சி மளிகைக்காரர் ஈனஸ் டட்டில்தான், மார்பிலிருந்த பெயரைப் படித்ததும் கொள்கையை மறந்து எறிந்தார். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் தொப்பியைக் கழற்றி அவளை வாழ்த்தினார்கள். அவளுக்கு முட்டையே தேவலை என்றிருந்தது. பக்கத்து மாநிலங்கள் ஒதுங்கிக்கொண்டன, முதலில் ஓஹையோ. துருசில்லா இறங்கவில்லை. பெயர் மறையாதபடி பட்டையைத் துடைத்து நேராக்கிக்கொண்டு ஊர் எல்லைவரை நின்றாள்.

தேர்தலில் யூனியன் கட்சி ஜெயித்தது. வண்டியில் நின்ற யாருக்கும், பெண்கள் என்பதால், ஓட்டு கிடையாது.

முடிவு தெரிந்த மறுநாள் ஈனஸ் ஒரு கூடை முட்டையோடு கடைக்கு வந்தார்.

"நான் உம்மேல எறியலம்மா. தென் கரோலினா மேலதான் எறிஞ்சேன்."

"அப்போ மன்னிப்பையும் அவகிட்டயே கேளுங்க. உடுப்பைத் துவைச்சவ நான்."

ஈனஸ் மனைவிக்கு ஒரு தொப்பி சொல்லிவிட்டுப் போனார். தங்கள் கொள்கைக்காக நின்றவள்மேல் முட்டை எறிந்த பிறகு யாருக்கும் அவளைத் துரோகி என்று சொல்ல வாய் வரவில்லை. குளிர்காலத்துக்குள் எல்லா வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள், திருமதி புரூடன் உட்பட. பின்னாளில் ஜெயித்த ஆளுநரின் பெயர்கூட ஊருக்கு மறந்துபோயிற்று. ஆனால் மாதா கோயிலுக்கு ஒருத்தி நல்ல தொப்பியோடு வந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவள் குனிந்து கேட்பாள்:

"தென் கரோலினாகிட்டதானே தைச்சே?"