கேட்காமல் போட்ட டிக்

சாயிரா பானு சிங்கப்பூரில், தோ பாயோவில் பிறந்து வளர்ந்தவள். சிராங்கூன் ரோட்டில் ஒரு பல் கிளினிக்கில் பதினெட்டு வருடமாக உதவியாளர். தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் வந்தால் டாக்டருக்கு மொழிபெயர்ப்பதும் படிவம் நிரப்புவதும் அவள்தான். படிவத்தில் 'புகையிலை மெல்லும் பழக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. தொழிலாளி என்றால் கேட்காமலே டிக் போட்டுவிடுவாள். கேட்டால் எல்லாரும் இல்லையென்றுதான் சொல்வார்கள் என்பது அவள் கணிப்பு.

கன்னத்துக்குள் நெல்லிக்காய் அளவுக் கட்டியோடு வந்த ரகுபதிக்கும் அப்படியே போட்டாள். துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டர். கூட வந்த சூப்பர்வைசர் முத்துராமன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இவனுங்க வாய்ல எப்பவும் ஏதாச்சும் இருக்கும் லா."

ரகுபதி அவளைப் பார்த்தான். "அக்கா, இதுக்காக வேலைய விட்டுத் தூக்கிர மாட்டாங்கல்ல?"

"மொதல்ல வாயத் தொறங்க தம்பி."

டாக்டர் வெட்டி எடுத்த கட்டி வெளிர்மஞ்சளாக இருந்தது. அதை ஃபார்மலின் பாட்டிலில் போட்ட சாயிரா பானு கண்ணைச் சுருக்கினாள். இத்தனை வருடத்தில் அவள் போட்ட சதைத் துண்டெல்லாம் அடியில் போய்த்தான் உட்கார்ந்திருக்கிறது. இது மிதந்தது.

"கொழுப்பு," என்றார் டாக்டர். "வாய்க்குள்ள வர்றது அபூர்வம். பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா கெட்ட கட்டியும் மிதக்கலாம். ரிப்போர்ட் வரட்டும், அதுவரைக்கும் எதுவும் சொல்லாதீங்க."

அவள் சொல்லவில்லை. முத்துராமன் கம்பெனிக்கென்று படிவத்தின் நகலைக் கேட்டார். கொடுத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. லிப்போமா. வெறும் கொழுப்புக் கட்டி, புற்றுநோய் இல்லை. முத்துராமனை அழைத்தாள்.

"அவனா? வெள்ளிக்கிழமையே ஊருக்கு அனுப்பியாச்சு. பெர்மிட் கேன்சல்."

"ரிப்போர்ட் வராமலேயா?"

"வாய்ல கட்டி, புகையிலைப் பழக்கம். நீங்கதானே சிஸ்டர் டிக் போட்டுக் குடுத்தீங்க? ஆபீஸ்ல கேன்சர்னே முடிவு பண்ணிட்டாங்க. தொட்டதே இல்லன்னு அழுதான். யாரு நம்புவா?"

"இப்பதான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே. திரும்பக் கூப்பிடுங்க."

"வேற ஆள் வந்தாச்சு லா."

படிவத்தில் ரகுபதியின் மனைவி எண் இருந்தது. அவனே எடுத்தான்.

"கேன்சர் இல்லையா?" என்று கத்திச் சிரித்தான். யாரிடமோ திரும்பிச் சொன்னான். ஒரு பெண் விசும்புவது கேட்டது. பிறகு அவன் குரல் பணிந்தது. "அப்ப எப்பக்கா வரச் சொல்றாங்க? பையப் பிரிக்கக்கூட இல்ல."

அந்த டிக் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"கம்பெனில கேட்டுப் பாருங்க தம்பி," என்று சொல்லி, அவன் அடுத்ததைக் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.