பொட்டு வைத்த சேர்வர்

வியாழக்கிழமை பின்னேரம் சேர்வரின் டிஸ்க் செத்துப்போனது. முதலில் டிக், டிக் என்று சத்தம் போட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் இருந்த தமிழ் அச்சகம் அது. முதலாளி தில்லை அண்ணை, டைப்செட்டிங் ரஞ்சி அக்கா, மெஷினில் இரண்டு பேர். நான் நாலைந்து கடைகளின் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்டு ஓடித் திரிந்தவள். லினக்ஸ் என்றால் அது எந்தக் கடையில் வாங்கும் சாமான் என்று ஆட்கள் கேட்ட காலத்தில், தில்லை அண்ணைக்கு அதில்தான் சேர்வர் போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு டிஸ்க். ஒன்றில் லினக்ஸ். மற்றதில் அச்சகத்தின் வேலை முழுவதும். செத்தது இரண்டாவது.

எனக்குப் பதற்றம் இல்லை. ஒவ்வொரு நாளும் டேப்பில் பேக்கப் எடுப்பவள் நான். அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை புது டிஸ்க்கோடு போனேன். பெட்டியைத் திறந்து தூசி துடைத்து, டிஸ்க்கை உள்ளே பொருத்தி, பார்ட்டிஷன் போட்டு, தற்காலிகமாக ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்து, அதாவது அந்த ஃபோல்டரைத் திறந்தால் டிஸ்க் தெரியும்படி ஏற்றி, டேப்பில் இருந்ததைத் திரும்ப எடுக்கும் restore-ஐ ஓடவிட்டேன். அது முடியச் சில மணித்தியாலம் செல்லும். அதற்குள் அஜின்கோர்ட்டில் இன்னொரு கடையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

"அண்ணை, நான் வந்து சொல்லுமட்டும் ஒருத்தரும் சேர்வரில ஒண்டையும் தொடாதேங்கோ."

"ஓம் ஓம். நீர் யோசியாமல் போட்டு வாரும், பிள்ளை."

மத்தியானம் திரும்பி வந்தபோது restore முடிந்திருந்தது. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். புது டிஸ்க்கை அதன் உண்மையான இடமான /velai என்ற ஃபோல்டரில் மவுன்ட் செய்தேன். எந்த டிஸ்க் எங்கே ஏறவேண்டும் என்று எழுதியிருக்கும் fstab-இல் வரியைச் சரிபார்த்தேன். ஒருமுறை reboot செய்து, டிஸ்க் தானாக ஏறுகிறதா என்றும் பார்த்தேன். ஏறியது. பழைய வேலைகள் அத்தனையும் இருந்தன. சேர்வர்ப் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சந்தனப்பொட்டு கண்ணில் பட்டது. தில்லை அண்ணையின் கடையில் போட்டோகொப்பி மெஷினுக்கும் பொட்டு உண்டு என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்டு வந்ததும், "இனித் தொடங்கலாம், அண்ணை" என்றேன். அவர் ஒரு மாதிரிச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் ரஞ்சி அக்காவின் குரல் கடையை இரண்டாக்கியது.

"தங்கச்சி, கல்வெட்டைக் காணேல்லை!"

வெளியில் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்கு அவருடைய படமும் வாழ்க்கைக் குறிப்பும் தேவாரமும் அச்சிட்டு ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதற்குப் பெயர் கல்வெட்டு. வதனி என்ற பிள்ளையின் தகப்பனாருக்கு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று. சனிக்கிழமை புத்தகம் கையில் கிடைக்கவேண்டும்.

"டைப் பண்ணினதைத் திரும்பப் பண்ணலாம், தங்கச்சி. படங்களுக்கு எங்க போறது?" என்று ரஞ்சி அக்கா அழத் தொடங்கினார்.

தகப்பனாரின் இளமைக்காலப் படங்கள் லண்டனில் இருந்த அவருடைய தங்கையிடம் மட்டும்தான் இருந்தன. செத்தவீட்டுக்கு வந்தவர் லீவு முடிந்து அன்று திரும்புகிறார். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அல்பத்தைக் கொண்டுவந்து, ஸ்கேன் பண்ணும்வரை நின்று, திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அல்பம் அத்திலாந்திக்குக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

"உந்தப் புது டிஸ்க்தான் பிழை. திண்டிட்டுது" என்றார் தில்லை அண்ணை.

எனக்குச் சுரீரென்று வந்தது. நான் போட்ட டிஸ்க்கைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டேன்.

"எப்ப சேவ் பண்ணினனீங்கள், அக்கா?"

ரஞ்சி அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை, "இப்ப... மத்தியானம்தான்" என்றார்.

மத்தியானம் சேவ் செய்தது புது டிஸ்க்கில் இருந்தே ஆகவேண்டும். இல்லை. எந்த டிஸ்க் எங்கே ஏறியிருக்கிறது, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் df கட்டளையைத் தட்டினேன். புது டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை. ஆனால் காலையில் பாதிகூட நிரம்பாமல் இருந்த லினக்ஸ் டிஸ்க் இப்போது கழுத்துவரை நிரம்பியிருந்தது. பெரிய பெரிய ஃபைல்கள் எவையோ அதற்குள் புகுந்திருக்கின்றன. திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். காலையில் தூசி துடைத்தவளே நான்தான். அப்போது அந்தப் பொட்டு இல்லை.

"அண்ணை, இண்டைக்கு ராகு காலம் எத்தினை மணிக்கு?"

"பத்தரைக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"அதுக்கு முன்னம் தொடங்கியிட்டியளோ?"

"வெள்ளிக்கிழமை, பிள்ளை. ராகு காலத்தில செத்தவீட்டு வேலையைப் புதுச் சாமானில எப்பிடித் தொடங்கிறது? அதுதான் ரஞ்சியைக் கொண்டு முதலே ஒரு பிள்ளையார் சுழி போடுவிச்சனான். நீர் கத்துவீர் எண்டு சொல்லேல்லை."

கத்தியிருப்பேன்தான். ஆனால் அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபைல்கள் எங்கே என்று தெரிந்துவிட்டதே!

நடந்தது இதுதான். நான் மவுன்ட் செய்யுமுன் /velai என்பது லினக்ஸ் டிஸ்க்கில் இருந்த ஒரு வெறும் ஃபோல்டர். வெறுமையாய் இருந்ததால் அதுதான் புது டிஸ்க் என்று ரஞ்சி அக்கா நம்பி, படங்களை எல்லாம் அதற்குள் போட்டார். பிறகு நான் வந்து அதே ஃபோல்டரின் மேல் புது டிஸ்க்கை ஏற்றினேன். தாள் கிடந்த இடத்தில் பாயை விரித்தால் தாள் தெரியாது. அது எங்கேயும் போகவில்லை.

புது டிஸ்க்கைக் கழற்ற umount தட்டினேன். device is busy, உள்ளே யாரோ இருக்கிறார்கள், என்று முகத்தில் அடித்தது. எல்லாரையும் வெளியேறச் சொன்னேன். மறுபடி அதே பதில். பார்த்தால் அந்த ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தது நானேதான். என் கட்டளைத் திரையை வெளியே எடுத்த பிறகு டிஸ்க் கழன்றது.

ஃபோல்டருக்குள் இருப்பதைக் காட்டச் சொல்லித் தட்டினேன்: ls.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் பெயர் காட்டின. எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு குட்டி ஃபைல். திறந்தால் உள்ளே 'உ' என்ற ஒரே எழுத்து. ரஞ்சி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினார். எல்லாவற்றையும் வேறு இடத்தில் கொப்பி செய்து, புது டிஸ்க்கை ஏற்றி, அதற்குள் போட்டேன். 'உ'வையும் விடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். ஃபைல் காணவில்லை என்றால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். எது எங்கே ஏறியிருக்கிறது என்று df-ஐக் கேளுங்கள். டிஸ்க் ஏறாத வெறும் ஃபோல்டரில் எவரும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள். 'தொடாதேங்கோ' என்ற சொல் பூட்டு ஆகாது.

சனிக்கிழமை வதனி வந்தாள். கல்வெட்டின் முதல் பக்கத்தில் தகப்பனார் இளந்தாரியாகச் சைக்கிளில் சாய்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். வதனி அதைக் கனநேரம் பார்த்தாள்.

"அப்பா இப்பிடிச் சிரிச்சு நான் ஒருநாளும் காணேல்லை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவசரப்படுத்திப் போட்டன், அங்கிள். கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டாள்.

"ஒரு கரைச்சலும் இல்லை, பிள்ளை. நல்ல நேரத்தில தொடங்கின வேலை" என்றார் தில்லை அண்ணை, என் பக்கம் திரும்பாமல்.

அடுத்த முறை டிஸ்க் மாற்றியபோது நான் முதலில் பார்த்தது சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரைத்தான். restore-ஐ முதல் நாளே முடித்தேன். mount கட்டளையைத் தட்டி வைத்து, நல்ல நேரம் பிறந்ததும் Enter-ஐ அண்ணையை அழுத்தச் சொன்னேன். பொட்டு அதற்குப் பிறகுதான் வைத்தார்.