உட்காரத் தெரியாத கண்டக்டர்

பஸ்ஸில் உட்கார்ந்து போகத் தெரியாத ஒருத்தி உலகத்தில் உண்டென்றால் அது அவள்தான். பதினெட்டு வருஷமாகக் கண்டக்டர் வேலை. ஓடுகிற வண்டியில் இடுப்பைக் கம்பியில் சாய்த்து, இரண்டு கையும் டிக்கெட்டில் இருக்க, டிரைவர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே அதை உணர்ந்து காலை அகட்டி நிற்கப் பழகிய உடம்பு அது. சீட்டில் உட்கார வைத்தால் முதுகு குறுகுறுக்கும், முழங்கால் ஆடும், கண் தானாகப் பின்படிக்குப் போகும். டிப்போவில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் தயங்காமல் திரும்பிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளை ஏழு நாள் சுற்றுலா என்று வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடி போலப் பளபளக்கிற ஒரு பஸ்ஸில் பெல்ட் போட்டு உட்கார வைத்தார்கள். ஓடும்போது யாரும் நிற்கக் கூடாது, அது அந்த நாட்டுச் சட்டம் என்றார் குழுவின் வழிகாட்டி. கையில் சின்னதாக ஒரு மஞ்சள் கொடி வைத்திருந்ததால் குழுவில் எல்லோரும் அவரைக் கொடிக்காரர் என்றார்கள். முதல் நாளே அவர் அவளைப் பார்த்து எட்டுத் தடவை “மேடம், ப்ளீஸ், உட்காருங்க” என்று சொல்லியிருப்பார். ஒன்பதாவது தடவை சொல்ல அவருக்கே அலுத்துவிட்டது.

குடும்பமாக ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவள், வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற மகள், மாமனார், நாத்தனார். செலவு முழுக்க நாத்தனாருடையது. “அண்ணி, நீங்க எத்தனை வருஷமா ஓடிட்டே இருக்கீங்க, ஒரு தடவையாவது ஜாலியா வாங்க” என்று போனில் தேனாகப் பேசினாள். தேனுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பம்பரத்துக்குத் தெரியும். அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை.

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சுணங்கிவிட்டது. மெதுவாக நடப்பார். பேச்சுதான் பாடாய்ப் படுத்தியது. புத்தியில் எல்லாம் தெளிவு, ஆனால் ஒரு வார்த்தை தொண்டையிலிருந்து உதட்டுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். எதிரில் இருப்பவர்கள் அதுவரை பொறுக்காமல், அவர் சொல்ல வந்ததைத் தாங்களாகவே சொல்லி முடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பகலில் அவரைத் தனியே விட முடியாது. யாராவது கூட இருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு மருந்துக்கடையில் வேலை, நாத்தனாருக்கு வேறு ஊரில் பெரிய ஆபீஸ், மகளுக்குப் பரீட்சை. மிச்சம் யார் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம்.

வேலையை விடு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் அவளுடைய டிப்போவுக்கே போய் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை வாங்கி வந்து, அவளுடைய எண், பிறந்த தேதி எல்லாம் அழகாக எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பேர். யாருடைய விருப்பம் என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் கேட்கவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் அதைக் கொடுக்கக் கடைசி நாள். “அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடும்மா” என்று விமானத்தில் ஏறும்போதே அவர் சொல்லிவிட்டார்.

கெட்ட மனுஷர் இல்லை. அவள் விடியுமுன் எழுந்து டூட்டிக்குப் போகும்போது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார், அவ்வளவுதான் அவர் செய்கிற குற்றம். அவளுக்கும் மாமனார் என்றால் உயிர். நாளைக்கு அவர் கீழே விழுந்து கிடந்தால் அவளால் தாங்க முடியாது. அதனால்தான் மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சரி என்று சொல்லவும் எழவில்லை. இரண்டையும் வாய் உள்ளேயே அடக்கி வைத்தால் கைகால் சும்மா இருக்குமா? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து மாமனாரிடம் போனாள்.

“மாமா, தண்ணி வேணுமா? மாமா, கால் மரத்துப் போச்சா? காத்து முகத்துல அடிக்குதா மாமா?”

பெரியவர் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் தண்ணீர் பாட்டில் வாய்க்கு வந்துவிடும், சால்வை கழுத்துக்கு ஏறிவிடும். மூன்றாம் நாளிலிருந்து அவர் அவள் வருவதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு அஞ்சு நிமிஷம் உட்காரேன். பாக்கறவங்களுக்கே தலை சுத்துது” என்றார் வீட்டுக்காரர்.

“நீங்க பாக்காதீங்க.”

அவளுடைய தவிப்புக்கு ஒரே வடிகால் தலை எண்ணுவது. இரண்டாம் நாள் கொடிக்காரர் கணக்குத் தப்பி ஒரு வயதான தம்பதியை அருங்காட்சியகத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த வேலையை அவள் பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு இடத்திலும் படிக்குக் கீழே நின்று, ஏறுகிறவர்களை எண்ணி, தன்னையும் சேர்த்து முப்பத்தொன்று வந்ததும் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அந்த நாட்டு டிரைவருக்கு அவள் பேசுவதில் ஒரு எழுத்து புரியாது. ஆனால் இரண்டு தட்டு என்றால் கிளம்பு என்பது அரை நாளில் புரிந்துவிட்டது. கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வண்டியை எடுப்பார். தொழில் தெரிந்தவனுக்குத் தொழில் தெரிந்தவளிடம் ஒரு பிரியம்.

நாலாம் நாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தார். “முடிவு பண்ணிட்டியா?”

“பாக்கலாங்க.”

“இன்னும் என்ன பாக்கறது? மூணு நாள்தான் இருக்கு.”

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று முழுக்கத் தலைக்குள் வண்டு குடைந்தது. ஏரிக்கு மேலே ஒரு காட்சிமுனையில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, மழை தூற ஆரம்பித்ததும் அடித்துப் பிடித்து ஏறினார்கள். அவள் கீழே நின்று எண்ணினாள். மாமனாரைக் கைத்தாங்கலாக ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு மறுபடி இறங்கினாள். கடைசி ஆள் படியேறியதும் எண்ணிக்கை சரி. கை தானாகப் போய் இரண்டு தட்டுத் தட்டியது.

மற்ற நாட்களில் அவள் படியில் கால் வைத்துக்கொண்டு கையை வெளியே நீட்டித் தட்டுவாள். அன்று மனசு எங்கேயோ இருந்தது. தரையில் நின்றபடி தட்டிவிட்டாள். ஊரில் அதனால் ஒன்றும் குடி முழுகாது. அவளுடைய டவுன் பஸ்ஸுக்குக் கதவே கிடையாது. தட்டிவிட்டு நகர்கிற வண்டியில் கம்பியைப் பிடித்துத் தாவி ஏறுவதுதான் பதினெட்டு வருஷப் பழக்கம். இங்கேயும் கை கம்பிக்குத்தான் போனது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் புஸ்ஸென்று கதவு சாத்திக்கொண்டது. வழுவழுவென்று கண்ணாடி. பஸ் போய்விட்டது.

“ஹோல்டான்! ஹோல்டான்!” என்று கத்திக்கொண்டு வளைவு வரை ஓடினாள். விசில் ஊரில் இருந்தது, போனும் கைப்பையும் பஸ்ஸில் இருந்தன. தன் குடும்பம் முழுவதையும் சரியாக எண்ணி ஏற்றி, ஒரு குறையும் இல்லாமல் தானே அனுப்பி வைத்துவிட்டாள்.

இப்போது திரும்பி வந்துவிடுவார்கள் என்று நின்றாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வளைவையே பார்த்துக் கண் பூத்துப் போனது. ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வண்டிகள் நிறுத்துகிற அந்த மைதானத்தை ஒரு சுற்று வந்தாள், இரண்டு சுற்று வந்தாள். அப்போது வேறொரு சுற்றுலா பஸ் உள்ளே வந்து, நெருக்கமாக நின்ற இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் வர முடியாமல் திண்டாடியது. அவளுக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, பின்னால் போய் நின்று கையை ஆட்டினாள்.

“வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... ரைட், ரைட்... போதும்!”

பஸ் கச்சிதமாக வந்து நின்றது. அந்த டிரைவர் இறங்கி நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்தார். அடுத்து இன்னொரு பஸ். அதற்கடுத்து சாமான் ஏற்றிய ஒரு வேன், அதன் பின்னாலேயே இன்னொன்று. மழை விட்டும் விடாமலும் தூறியது, புடவை நனைந்தது, அவள் கவனிக்கவில்லை. நாலாவது வண்டியை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளிநாட்டில், கையில் எதுவும் இல்லாமல், தனியாக நிற்கிறாள். ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறாள். இந்த நாலு நாளில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் இறுக்கம் இல்லை. அதை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே பயமாகவும் இருந்தது. இதை விட்டுவிட்டு எப்படி நாலு சுவருக்குள் இருக்கப் போகிறோம்? இருக்க முடியாது. இது முடியாது என்று இதுவரை தனக்குத் தானேகூட அவள் சொல்லிக்கொண்டதில்லை.

பஸ் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. கதவு திறந்ததும் கொடிக்காரர்தான் முதலில் குதித்தார், முகத்தில் ரத்தமே இல்லை. “மேடம், மன்னிச்சிடுங்க மேடம், நீங்க தட்டினீங்க, அதான்...” என்று நாக்குழறினார். பின்னாலேயே வந்த மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரருக்குப் பயம் எல்லாம் கோபமாக வந்தது.

“உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? பஸ்ஸை அனுப்பிட்டுக் கீழ நிக்கிறவளை எங்கயாவது பாத்திருக்கமா?”

அவள் பஸ்ஸில் ஏறி, நனைந்த புடவையோடு படிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“நான் இல்லைன்னு எப்ப தெரிஞ்சுது?”

வீட்டுக்காரரின் குரல் இறங்கியது. “அப்பாவுக்கு மாத்திரை நேரம் ஆச்சு. மாத்திரை எங்க வச்சிருக்கேன்னு கேக்கத் தேடினோம். நீ பின்னால எங்கயாவது நின்னுட்டிருப்பேன்னு நினைச்சோம்.”

“அது எத்தனை நேரம் கழிச்சு?”

“அரை மணி இருக்கும்.”

மகள்தான் மெதுவாகச் சொன்னாள். “தாத்தாவுக்கு முன்னாடியே தெரியும்மா. பஸ் எடுத்ததிலேருந்து என்னமோ சொல்லப் பாத்தாரு. நாங்க பாத்ரூம்னு நினைச்சோம். ஒரு இடத்துல நிறுத்தி இறக்கியும் விட்டோம். உள்ள போகவே மாட்டேன்னுட்டு, வந்த வழியையே கையைக் காட்டிட்டு நின்னாரு. அத்தை தண்ணி குடுத்து மறுபடி ஏத்திட்டாங்க.”

பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. அரை மணி நேரம் ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டித் தோற்றவரின் களைப்பு. அவரைப் பார்த்ததும் அதுவரை வராத அழுகை அவளுக்கு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேங்க” என்றாள்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நாத்தனார் எழுந்து வந்தாள். “அண்ணி, இங்க வச்சு என்ன பேச்சு? அப்ப அப்பாவை யாரு பாத்துக்கறது?”

“அவரை யாராவது கேட்டீங்களா?” அவள் மாமனார் சீட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுக்கவில்லை, சால்வையைத் தொடவில்லை. “மாமா, நானும் இதுவரைக்கும் உங்களைக் கேக்கல. நான் வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்கணுமா? மெதுவா சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.”

பெரியவர் வாயைத் திறந்தார். நாத்தனார் ஏதோ சொல்ல வந்தாள், மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். டிரைவர்கூட இன்ஜினை அணைத்துவிட்டார்.

“நீ... வீட்ல... இருந்தா...” மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்கு... பைத்தியம்... பிடிச்சிடும்.”

பின் சீட்டில் யாரோ முதலில் சிரித்தார்கள், அப்புறம் பஸ்ஸே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சுருக்கென்றும் இருந்தது. நாலு நாளாக இந்த மனுஷரை எப்படிப் போட்டுப் படுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் சொல்ல இருந்தது. இடது கையைத் தூக்கி மகனைக் காட்டினார், பிறகு மருமகளைக் காட்டினார், மறுபடி மகனைக் காட்டினார்.

“மாறி... மாறி.”

“நானா? எனக்குக் கடை இருக்கேப்பா” என்றார் வீட்டுக்காரர்.

பெரியவர் கையை இறக்கவில்லை. விரல் மகன் மேலேயே இருந்தது. வீட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார், துணைக்கு ஒருத்தரும் இல்லை. தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“காலை டூட்டின்னா நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவே?” என்று கேட்டார்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் நேரத்தைச் சொன்னாள்.