லயமே கூடி நிரப்பிய என் குணம்

போன வருடம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் குழாயடியில்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. குழாயடிக்கு ஏன் போனேன் என்றால், எங்கள் பக்கத்தில் போனுக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கே மட்டும்தான்.

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். அப்போது ஸ்டோரில் இருந்தேன். சவர்க்காரமும் படுக்கை விரிப்பும் எடுத்துக் கொடுக்கிற வேலை. இருட்டறை; எப்போதாவது வழி தவறி வருகிற விருந்தினரைத் தவிர பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அந்த நேரம் பார்த்து வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலியானது. எங்கள் குடும்பத்தில் ஏ.எல். உயர்தரப் பரீட்சை வரைக்கும் படித்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் விழுந்து விழுந்து படித்ததே இப்படி ஓர் இடத்தில் நின்று நாலு பேரிடம் பேசத்தான். உடனே விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு முன்னால் இதைச் செய்து அனுப்புங்கள் என்று போனுக்கு ஒரு லிங்க் வந்தது. ஆளுமைப் பரீட்சை. கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நாம் எப்படிப்பட்ட ஆள் என்று அது கண்டுபிடித்துச் சொல்லுமாம். லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். அன்றைக்கே முடித்து அனுப்ப வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே எங்கள் லயத்தில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் நிரப்பிக் கொடுப்பது நான்தான். அடையாள அட்டை, நிவாரணம், பிறப்புச் சான்றிதழ், எதுவானாலும் என்னிடம்தான் வரும். ஆனால் ஒன்றைக்கூடத் தனியாக நிரப்பியதில்லை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் மறந்த பெயரை சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், அடுத்த காம்பராவில் குடியிருப்பவர் எடுத்துக் கொடுப்பார். ஒருத்தி பிறந்தது தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று பெரிய வழக்கே நடக்கும். படிவம் என்றால் அது எல்லோருக்கும் சொந்தம்.

அப்படிப்பட்ட இடத்தில் நான் போனைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தால் விடுவார்களா? தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னவென்று கேட்டார். என் குணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

“ஒன்னயப் பத்தியா? அப்ப நாங்கதானடா சொல்லணும்,” என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தார், எதிர் லயத்து மாமா வந்தார், துணி துவைக்க வந்தவர்கள் எல்லாம் சேர்ந்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. புதியவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா என்றது போன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். திருவிழாவில்கூட ஒரு ஓரமாகப் போனும் கையுமாக நிற்பவன் எங்கே பேசப்போகிறான் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். முடிவுகளைச் சட்டென்று எடுப்பீர்களா என்ற கேள்விக்கு, ஒரு சட்டை வாங்க நான் அவரை ஹட்டன் கடைத் தெரு முழுக்க இழுத்தடித்த கதையை அம்மா எடுத்துவிட்டார். தனிமையில் இருந்தால் உற்சாகம் அடைவீர்களா என்பதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை.

“இவன் எங்கடா தனியா இருந்திருக்கான், அஞ்சு பேரு ஒரு காம்பராவுல படுக்குறோம்?” என்று அம்மா என்னையே கேட்டார்.

பதில் தெரியாத கேள்விக்கெல்லாம், ‘ஆம்’ முதல் ‘இல்லை’ வரை வரிசையாக இருந்த வட்டங்களில் நடுவில் இருக்கிறதை அமுக்கச் சொன்னார் மாமா. நடுவில் நின்றால் எந்தப் பக்கத்துப் பிரச்சினையும் வராதாம்.

நான் மறுக்காமலா இருந்தேன்? வாயைத் திறந்தாலே, ஒனக்கென்ன தெரியும் என்று அடக்கிவிட்டார்கள். என்னைப் பற்றிய கேள்வி! கடைசியில் இதுதான் உன் குண வகை என்று நாலு ஆங்கில எழுத்து வந்தது. கூடவே ஒரு கார்ட்டூன் படம். மரத்தடியில் ஓர் ஆள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அமைதியானவர், கூட்டத்தை விரும்பாதவர், பின்னணி வேலைகளுக்குப் பொருத்தமானவர் என்று எழுதியிருந்தது. அழித்துவிட்டு மறுபடி செய்யலாமென்றால் வழியில்லை. அது தானாகவே ஹோட்டலுக்குப் போய்விட்டது. சுற்றியிருந்தவர்களுக்கோ பரம சந்தோஷம். அச்சு அசலாக நீதான் என்று அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

நேர்முகத்தில் ஆட்களைத் தெரிவு செய்கிற மேடம் அதைத்தான் முன்னால் வைத்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி. நல்லவர்தான். மல்லி, மல்லி என்று தம்பியை அழைப்பதுபோல் அழைத்து, ஸ்டோர் வேலைதான் எனக்கு ராசி என்று பக்குவமாகச் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் பொரிந்து தள்ளினேன். ஸ்டோருக்கு வழி தவறி வந்த விருந்தினர்களிடம்கூட நான் எப்படிப் பேசினேன், பனிமூட்டத்தில் அறையைவிட்டு வெளியே வராமல் இருந்த வயதான தம்பதிக்கு எந்த நேரம் மூட்டம் விலகும் என்று சொல்லி ஏரிக்கரைக்கு அனுப்பியது யார், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் அடுக்கினேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு பேசுகிற ஆளுக்கு எப்படி இந்த முடிவு வந்தது என்று கேட்டார். லயத்தில் எல்லோரும் சேர்ந்துதான் நிரப்பினோம் என்றேன். இதைத் தனியாக அல்லவா செய்ய வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை மேடம் என்றேன். அவர் பரீட்சையை மறுபடி திறந்து கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஓர் அறையில் நான் மட்டும். வாளிச் சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை. அதே கேள்விகள். விறுவிறுவென்று அமுக்கினேன். நெருக்கமானவர்களிடம் மனம்விட்டுப் பேசுவீர்களா என்று ஒன்று வந்தது. யோசிக்கவே இல்லை, ‘முழுமையாக ஆம்’ என்று போட்டேன். இந்தத் தடவை வேறு நாலு எழுத்து. வேறு படம். ஒருவன் மேடையில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மேடத்துக்கு ஒரே மகிழ்ச்சி. இதுதான் உண்மையான நீ என்றார். வேலை கிடைத்துவிட்டது.

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒரே ஆளைப் போர்வை போர்த்தியவன் என்கிறது, மேடையில் நிற்பவன் என்கிறது. இதை நம்பி ஒருவனுக்கு வேலை கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும்! வெறுப்போடு வீட்டுக்கு வந்தேன். குழாயடிக் கூட்டம் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தது. நல்ல செய்தியைச் சொன்ன கையோடு, உங்களால்தான் கையைவிட்டுப் போகப் பார்த்தது என்று கடிந்துகொண்டேன்.

மாமாவுக்குக் கோபம். “அப்ப நாங்க எல்லாம் பொய்யாடா சொன்னோம்?”

ஹோட்டலில் வந்து பாருங்கள், அங்கே நான்தான் வாயாடி, கெஸ்ட் யாராவது அகப்பட்டால் மணிக்கணக்காகப் பேசுவேன் என்று சத்தம் போட்டேன். அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்தப் பேசுற புள்ளைய நாங்க பாத்ததே இல்லையே தம்பி. அடுத்த லீவுக்கு அவனயும் ஒருக்கா கூட்டிட்டு வா.”

பெரியம்மா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். லீவில் வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ என்று மட்டும் சொல்கிற ஒருவனைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தாங்கள் கண்டதைத்தான் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். பொய்யென்று ஏதாவது இருந்தால், அது சாத்திய அறைக்குள் நான் யோசிக்காமல் அமுக்கிய அந்த ஒரு ‘முழுமையாக ஆம்’தான்.

அடுத்த லீவில், மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த அம்மாவிடம், இன்றைக்கு எப்படி இருந்தது, களைப்பா என்று கெஸ்டைக் கேட்பதுபோலவே கேட்டேன். அம்மா என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சலோ என்று சந்தேகம். அதற்கும் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அன்றைக்குப் போனை எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தேன்.

இன்றும் வரவேற்பு மேசையில் முன்பின் தெரியாத யாரையோ பார்த்து வாய் நிறைய வரவேற்கும்போதெல்லாம், இந்தக் குரலில் பாதியையாவது செலவழித்துவிடாமல் நோர்வூட் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.