பூக்காரர் அழிக்காத உரைகள்

நல்ல உரையை மக்கள் பத்திரமாகக் காப்பார்கள் என்று மேடைதோறும் முழங்கியவன் நான். வாசகரே, அதற்குப் பின் நடந்ததற்கு நீங்களே சாட்சி.

வடமதுரையில் பேருந்து ஏறிய எங்கள் ஊர்ப் பூக்காரர், மல்லிகைக் கூடையோடு என்னருகே அமர்ந்தார். நரைத்த மீசை. கைபேசியைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் துண்டால் துடைத்துக்கொள்வார். சந்தை விலை காட்டும் செயலி புதுப்பிக்கப்படாமல் பாதியில் நின்றிருந்தது. திண்டுக்கல் சேர்வதற்குள் அது திறக்காவிட்டால், தரகர் சொன்னதே விலை.

"செத்த பாரு தம்பி, எம்புட்டு அமுக்குனாலும் நகர மாட்டேங்குது."

பார்த்தேன். கைபேசியில் இடமே இல்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் நான் அனுப்பிய அரைமணி நேரப் பட்டிமன்ற உரைகள், ஒன்றுவிடாமல் அத்தனையும் அங்கே குடியிருந்தன.

"எல்லாத்தையும் கேட்டீங்களாண்ணே?" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"ஒண்ணக்கூடக் கேக்கல தம்பி. நம்ம ஊர்ப் பிள்ளை அனுப்புனத அழிச்சா மரியாதையா இருக்காதுல்ல?"

சந்தை நெருங்கியது. என் முழக்கங்களை என் விரலாலேயே அழித்தேன். செயலி திறந்தது, விலையைக் கண்டு அவர் மீசை மலர்ந்தது.

"புதுசா பேசுனா அனுப்பு தம்பி" என்றபடி இறங்கினார்.

அந்த மரியாதையை எங்கே வைப்பதென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்று பேருந்தே திரும்பிப் பார்க்க, சன்னல் வழியே மேடைக்குரலில் வாக்களித்தேன்:

"இனி நான் அனுப்புற எந்தப் பேச்சும் மூணு நிமிஷத்தத் தாண்டாதுண்ணே!"