வேடியப்பன் காசின் செம்புப் புள்ளி

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இட்லிக் கடை போட்டிருக்கும் ஜோதியம்மாளைத் தெரியாதவர்கள் ஊரில் கம்மி. பௌர்ணமி என்றால் அடுப்பை விட்டு நகர மாட்டாள். மீதிச் சில்லறை வாங்க மறந்துபோன ஆள் அடுத்த பௌர்ணமிக்கு வந்தால், முகத்தை வைத்தே கண்டுபிடித்துக் கூப்பிட்டுக் கொடுப்பாள். "அடுத்தவங்க காசு நம்ம டப்பாவுல தூங்கக்கூடாது" என்பாள். அப்படிப்பட்டவளைத்தான் ஐம்பது தாண்டிய வயதில் திருடி என்று சொல்லிவிட்டார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. குழாயடியில் சொன்னார்கள்.

எல்லாம் ஒரு பவுன் காசால் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் காசு. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவன் கத்தி பிடித்திருப்பான்; குதிரையின் காலடியில் பாம்பு மாதிரி ஏதோ ஒன்று சுருண்டு கிடக்கும். புருஷன் வீட்டாருக்கு வேடியப்பன் குலதெய்வம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற கையோடு மாமனார் அதை வாங்கி வந்த அன்றே, குதிரையில் இருப்பவன் வேடியப்பன்தான் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி அந்தக் குதிரைக்காரன்மேல் குங்குமம் வைப்பது வழக்கமாயிற்று. ராஜா பக்கத்தை மட்டும் துடைப்பார்கள். சாமி பக்கத்தைத் துடைக்கிற வழக்கமில்லை.

செங்கம் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த வருஷமே காசு இருந்த மரச்சிமிழ் ஜோதியம்மாள் கைக்கு வந்தது. பிறகு மாமியார் போனாள், மாமனார் போனார், போன வருஷம் புருஷன் சின்னசாமியும் காமாலையில் போய்ச் சேர்ந்தான். சிமிழ் மட்டும் அவள் பொறுப்பிலேயே இருந்தது.

நிலத்தைப் பிரித்தாயிற்று. கொழுந்தன் கருப்பன் வாயில்லாதவன். அவனுக்கும் சேர்த்து அவன் பெண்டாட்டி சரசு பேசுவாள்.

"சாமி ஒண்ணு, வூடு ரெண்டு. காச வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாங்கா."

ஜோதியம்மாள் சரியென்றாள். இருவரும் டவுனுக்குப் போய் தேரடி வீதியில் ஒரு நகைக்கடையில் ஏறினார்கள். கடைக்காரர் ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தார். துணி சிவந்தது. காசும் சிவப்பாகவே இருந்தது. மறுபடி துடைத்தார். குதிரையின் வயிற்றிலும் குதிரைக்காரன் தோளிலும் திட்டுத்திட்டாகத் துருப் பிடித்ததுபோல் சிவப்பு நின்றது.

"இது குங்குமம் இல்லம்மா, கறை. நல்ல தங்கம் இப்பிடிச் செவக்காது. பில்லும் இல்லன்றீங்க. எங்களுக்கு வேணாம், எடுத்துக்கினு போங்க."

ஜோதியம்மாள் காசைச் சிமிழில் போட்டு மூடினாள். சரசு முன்னால் நடந்துபோய் பஸ் ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மாமியா குடுத்தது நல்ல காசுதான்."

மறுநாள் குழாயடியில் பேச்சு முழுசாக வெளியே வந்தது: நல்ல காசை விற்றுவிட்டுப் போலியை வைத்துவிட்டாளாம் ஜோதியம்மாள். ஜோதியம்மாள் மகன் வல்லரசு ஓசூரில் வேலைக்குப் போன புதிதில் வண்டி எடுத்திருந்தான். "அந்த வண்டி எதுல ஓடுதுன்னு நெனச்ச? பெட்ரோல்லயா? வேடியப்பன் குதிர இழுக்குதுடி" என்றாளாம் சரசு. குடம் வைத்திருந்தவர்கள் சிரித்தார்களாம். கேட்டு வந்து சொன்னவளும் பாதி சிரிப்போடுதான் சொன்னாள்.

அடுத்த நாள் விடிந்ததும் ஜோதியம்மாள் காசோடு புளியையும் சபீனாப் பொடியையும் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்தாள். பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளவென்று ஆக்குகிற கை அது. இரண்டு தேய் தேய்த்தால் கறை போய்விடும் என்று தோன்றியது. கட்டைவிரலில் புளியை எடுத்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள். இப்போது இதை அழித்தால், அழிக்க வேண்டியது ஒன்று இருந்தது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? புளியைத் தூர எறிந்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

விசாரித்ததில், ரமணாசிரமம் பக்கம் பாலாஜி என்றொருவர் பழைய நாணயம் வாங்கி விற்பதாகத் தெரிந்தது. சரசு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கெளம்பு. எங்காதுல கேட்டாப் பத்தாது, உங்காதுலயும் விழணும்."

பாலாஜி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், எடை போட்டார், தடிமன் அளந்தார். பிறகு ஹால்மார்க் போடுகிற இடத்துக்கு இருவரையும் கூட்டிப்போய், மிஷினில் இரண்டு பக்கமும் பல இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"இருபத்திரண்டு காரட். நிஜமான காசு. இந்தக் காசுல கொஞ்சம் செம்பு சேத்துதாம்மா அடிப்பாங்க. அது சரியாக் கலக்காத எடத்துல நாள்பட இப்பிடிச் செவக்கும். செம்புப் புள்ளின்னு சொல்லுவோம்."

"அப்ப போலி இல்ல?" என்றாள் ஜோதியம்மாள்.

"புள்ளிய மட்டும் பாத்துப் போலின்னும் சொல்ல முடியாது, நெஜம்னும் சொல்ல முடியாதுங்க. எடையும் மிஷினும் சொல்லுது, நெஜம்."

"வெல?" சரசு குறுக்கே வந்தாள்.

"தங்கத்துக்கு உண்டான வெல எங்க போனாலும் உண்டு. புள்ளி இல்லன்னா பழைய காசு சேத்து வைக்கிறவங்க அதுக்கு மேலயும் ஜாஸ்தி தருவாங்க. குதிர மேலயே இருக்கறதால அந்த ஜாஸ்தி வராது. நல்ல வேளை, புளி போட்டுத் தேய்க்காம வுட்டீங்க. கீறல் விழுந்திருந்தா அவங்க தொடவே மாட்டாங்க."

ஜோதியம்மாள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் சரசு மெதுவாகச் சொன்னாள்: "ஜாஸ்தி வராதாமே."

"அவ்ளோ சொன்னாரு, அதான் உனக்குக் கேட்டுதா?"

சரசு முந்தானையை இழுத்துச் செருகினாள். "தெரியாமச் சொல்லிட்டேங்கா. மனசுல வச்சிக்காத."

"ஆட்டோவுல சொல்லிக்கினு வர. நீ என்னத் திருடின்னு ஆட்டோவுலயா சொன்ன?"

 விற்கிற பேச்சு அத்தோடு நின்றது. 'சாமி காசு, கெடக்கட்டும்' என்று கருப்பன் தன்னிடம் சொன்னதாக வல்லரசு போனில் சொன்னான். அந்த வீட்டில் ஓர் ஆணாகச் சித்தப்பா சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று அம்மாவிடம் கிண்டலும் செய்தான். ஜோதியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆள் குறைந்த நேரமாகப் பார்த்துத்தான் குழாய்க்குப் போய்வந்தாள்.

ஆடியில் வேடியப்பனுக்குப் பொங்கல். பங்காளி வீடுகள் எல்லாம் வேப்பமரத்தடியில் கூடியிருந்தன. குழாயடியில் சிரித்தவர்களும் இருந்தார்கள். தட்டில் காசை வைத்தாள் ஜோதியம்மாள். புருஷன் போன பிறகு பொது இடத்தில் அவள் குங்குமம் தொடுவதில்லை. சரசுதான் வைக்க வேண்டும். சரசு மோதிர விரலில் குங்குமம் தொட்டாள். விரல் வழக்கம்போல் குதிரையின் வயிற்றுக்கே போயிற்று.

"அந்த எடத்துல வைக்காத" என்றாள் ஜோதியம்மாள். குரலை உயர்த்தவில்லை. "தட்டுல வை. புள்ளி தெரியட்டும்."

பக்கத்தில் நின்ற பெரிய பங்காளி வீட்டு ராணியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி சரசு, காசுல செவப்பா?"

ஜோதியம்மாள் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  பானையில் பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றாள்.

சரசு விரலில் இருந்த குங்குமத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"செம்புப் புள்ளி பெரிம்மா. அப்போலருந்தே அதுலயே இருந்திருக்குது. மிஷின்ல போட்டுப் பாத்தோம். அதே காசுதான்." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அக்கா மாத்தல. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்."

ராணியம்மாள் "ம்" என்றாள். 

பால் பொங்கி வழிந்தது. ஜோதியம்மாள் குனிந்து, களைந்து வைத்திருந்த அரிசியை அள்ளிப் பானையில் போட்டாள்.