மத்தியான அம்மா

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கண்ணாடி அறை, ஒரு மின்விசிறி, ஒரு மைக். எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று அறிவிப்பது வேலை. காலையில் அந்தக் குரலைக் கேட்டால் பதறி ஓடுகிறவர்கூட நின்று பையைச் சரிசெய்துகொண்டு போவார். மதியம் தாண்டினால் அதே குரல் எரிந்து விழும்.

"காலையில உங்க குரலுக்கு டிரைவருங்க ஹாரன்கூட அடிக்கறதில்ல. மத்தியானம் எனக்கே ஏதாவது ஒரு வண்டியில ஏறி ஓடிடலாம்னு தோணுது," என்பார் வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம்கீப்பர்.

கழிப்பறை கடைசிப் பிளாட்பாரத்துக்கும் அப்பால். மாற்றி உட்கார ஆளில்லை. அதனால் வேலைக்கு வந்தபின் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. கொண்டு வந்த பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும்.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குச் சாப்பாட்டு இடைவேளையில்தான் போன் பேச நேரம். அம்மாவை அவள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள்: காலை அம்மா, மத்தியான அம்மா. "எனக்கு வாய்ச்சது மத்தியான அம்மாதான்," என்று சிரிப்பாள்.

ஒருநாள் அந்தச் சிரிப்பு நின்றது. தலை விண்விண்ணென்று தெறிக்க, மைக் அக்கா ஏழாம் பிளாட்பார வண்டியைப் பதினேழு என்று அறிவித்துவிட்டாள். மூட்டையும் பிள்ளையுமாகக் கூட்டம் அலைமோதியபோது போன் வந்தது.

"சாப்டியாம்மா? தண்ணி குடிச்சியா?"

"உனக்கு வேற வேலையே இல்லையாடி? வைடி போனை!"

மைக்கை அணைக்க மறந்திருந்தாள். நிலையம் முழுக்க ஒலித்தது. யாரோ விசிலடித்தார்கள். கூட்டத்தின் சிரிப்பு போன் வழியாக மகளுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் போன் வரவில்லை. அதன்பிறகும் இல்லை. எப்போதாவது 'நல்லா இருக்கேம்மா' என்று ஒரு செய்தி. மகள் டப்பாவைத் திறக்கும் சத்தம், வாயில் சோற்றோடு பேசும் பேச்சு, பக்கத்தில் யாரிடமோ "எங்கம்மாடி" என்பது... மதியமானால் அவள் காது அதையெல்லாம் தேடியது.

தலைவலிக்கு மாத்திரை கேட்டுப் போனபோது மருத்துவர் தண்ணீரைப் பற்றித்தான் விசாரித்தார். "உடம்புல தண்ணி கொஞ்சம் குறைஞ்சாலே தலை வலிக்கலாம், கவனம் சிதறலாம், சிடுசிடுன்னு வரலாம். உங்க கோபம் மொத்தமும் அதனாலதான்னு நான் சொல்லல. குடிச்சுப் பாருங்க."

டைம்கீப்பர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, காலையில ஒருதடவை, மத்தியானம் ஒருதடவை மைக்கைப் பாத்துக்குங்க."

"நானா? என் குரலைக் கேட்டா பஸ்ஸெல்லாம் ரிவர்ஸ்ல போயிடும்."

"போகட்டும். நான் தண்ணி குடிக்கணும்."

பாட்டில் காலியாகத் தொடங்கியது. தலைவலி குறைந்தது. எண்களில் நாக்குப் பிறழவில்லை. ஒரே வண்டியை மூன்றாம் முறை கேட்ட பெரியவருக்கும் எரிச்சலில்லாமல் பதில் சொன்னாள். யார் கேட்க வேண்டுமென்று ஏங்கினாளோ, அந்த ஒருத்திக்கு மட்டும் அந்தக் குரல் எட்டவில்லை.

ஒரு மதியம், டைம்கீப்பர் மைக்கில் இருந்தபோது, அவளே மகளைக் கூப்பிட்டாள். வெகுநேரம் மணி அடித்தது.

"அம்மா? வேலை நேரத்துல நீயே கூப்பிடற... ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லடி. உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு."

மகளுக்குப் பின்னால் யாரோ அவசரப்படுத்தும் சத்தம் கேட்டது.

"இப்பல்லாம் சாப்பாட்டு நேரத்துல ஃப்ரெண்ட்ஸோட வெளிய போயிடறேம்மா. எல்லாரும் நிக்கறாங்க."

"போய்ட்டு வா, கண்ணு. நாளைக்குக் கூப்பிடட்டுமா?"

"நானே கூப்பிடறேன்." சற்று நிறுத்தி, "பாக்கறேம்மா," என்றாள்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் அறைக்குத் திரும்பி நடந்தாள். 'கூப்பிடறேன்', 'பாக்கறேன்' – இரண்டில் எதை நம்புவது என்று வழியெல்லாம் யோசித்தபடி.